நோரீன் சொன்ன ஆந்தை

நோரீன் டேக்கெட் சொன்ன பொய் மொத்தமே நாற்பது நொடி நீளம்தான். ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையலறை மேசையருகே நின்றபடியே டெல்பர்ட் ஷெட்லரின் பறவைச் செய்தி எண்ணை அழைத்து அவள் பேசினாள். “நான் நோரீன். மரம் அறுக்கற பட்டறைக்கு வடக்கே, ஓடைப் பாலத்துக்கிட்ட, வேலிக் கம்பத்து மேல ஒரு பெரிய சாம்பல் ஆந்தை. இன்னைக்குக் காலைல, ஏழு ஐம்பது. ஆறேழு நிமிஷம் உட்கார்ந்திருந்துச்சு. போட்டோ எடுத்திருக்கேன்.” அவ்வளவுதான். ஃபோனை வைத்ததும் கை கழுவினாள். ஏன் கழுவினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

போட்டோ உண்மை. அதிலிருந்த ஆந்தையும் உண்மை. அது உட்கார்ந்திருந்த கம்பம் மட்டும் ஓஹையோவில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்த படம் அது. அங்கே பனிக்காலத்தில் சாம்பல் ஆந்தை வருவது வழக்கம். ஓஹையோவில், இந்த ஹோம்ஸ் கவுண்டியில் அதைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

டெல்பர்ட்டின் வயலோரத்தில் ஒரு சின்னத் தொலைபேசிக் கூண்டு உண்டு. காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்குள் ஃபோன் கிடையாது என்பதால் அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் அதுதான். அதில் டெல்பர்ட் ஒரு செய்திப் பதிவு வைத்திருந்தார். எங்கே என்ன பறவை வந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். மற்றவர்கள் தினமும் ஒரு தடவை அழைத்துக் கேட்பார்கள். இருநூறு குடும்பம் கேட்கும் என்பது டெல்பர்ட்டின் கணக்கு. கறவை முடிந்ததும் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பேன் என்று சொல்கிறவர்களும் அதில் இருந்தார்கள்.

நோரீன் அவர்களுடைய ஆள் இல்லை. அவர்கள் பாஷையில் அவள் ‘இங்கிலீஷ்காரி’. வயது ஐம்பத்து நான்கு. கணவன் விட்டுப்போய்ப் பன்னிரண்டு வருஷம். பதினோரு வருஷமாக ஒரு பதினைந்து இருக்கை வேனில் ஆமிஷ் ஜனங்களை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தாள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பறவை பார்க்கப் போகிறவர்களை ஏரிக்கும் நீர்த்தேக்கத்துக்கும் கூட்டிப்போவாள். முதல் வருஷம் வேனிலேயே உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்தாள். ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் ஒருவரான எர்வின் ரேபர் ஜன்னலைத் தட்டி, தன்னிடம் கூடுதலாக இருந்த பைனாகுலரை நீட்டினார்.

“சும்மாதானே உட்கார்ந்திருக்க. அந்தச் செத்த மரத்துக்குக் கீழ பாரு.”

அவள் பார்த்தாள். பச்சையும் நீலமும் செங்கல் நிறமும் பூசி, கண் சிவந்து, யாரோ உட்கார்ந்து வரைந்தது போல ஒரு மர வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

“இத்தனை வருஷமா இது இங்கயேவா இருந்துச்சு?”

“அது இங்கதான் இருந்துச்சு. நீதான் இல்ல,” என்றார் எர்வின்.

அன்றிலிருந்து அவள் வேனில் உட்காரவில்லை. சொந்தமாகப் பைனாகுலர் வாங்கினாள். விடியுமுன் எழுந்து தனியாகப் போனாள். பத்து வருஷத்தில் ஆண்களில் பாதிப் பேரைவிடக் காது கூர்மையாகிவிட்டது அவளுக்கு. ஒன்றில்தான் சேரவில்லை. பறவை பார்த்து முடித்து, சாண்ட்விச்சைப் பிரிக்கும் முன் அவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து சத்தமில்லாமல் ஜெபிப்பார்கள். அப்போது அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தன் அம்மாவின் அடக்கத்தன்று போதகர் அம்மாவின் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னதிலிருந்து கோயில் பக்கமே அவள் போனதில்லை.

இப்படிப்பட்டவள் ஏன் பொய் சொன்னாள் என்றால், அதற்கு முந்தைய நவம்பருக்குப் போக வேண்டும். அறுவடை முடிந்த சோள வயல் ஒன்றின் மேல் ஒரு வெள்ளை வல்லூறு போவதை அவள் பார்த்தாள். வடதுருவத்துப் பறவை. கனத்த மார்பும் கூரான சிறகுமாக, ஒரு புறாக் கூட்டத்தைச் சிதறடித்துவிட்டு மேற்கே போய் மறைந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது. அவள் தனியாக இருந்தாள். கேமரா இல்லை. அடுத்த தடவை எல்லோரும் வேனில் போகும்போது டெல்பர்ட்டிடம் சொன்னாள்.

டெல்பர்ட் தீவனம் விற்கிறவர், வாய்த் துடுக்கு ஜாஸ்தி. “வெள்ளையாவா? முழுக்கவா? செவ்வால் பருந்துலயே சிலது வெளுத்துப் பிறக்கும், தெரியும்ல?”

“எனக்குச் செவ்வால் பருந்து தெரியாதா டெல்பர்ட்?”

“தெரியும், தெரியும். நான் இல்லைன்னா சொன்னேன்? மில்லர் வீட்டுக் கோழி ஒண்ணு தொலைஞ்சு போச்சாம். அதையும் விசாரிச்சிரலாமேன்னு பார்க்கறேன்.”

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். எர்வினும் சிரித்தார். கவுண்டியில் பார்த்த பறவைகளுக்கு டெல்பர்ட் வைத்திருந்த பட்டியலில் அது ஏறவில்லை. ‘நோரீனோட வெள்ளைக் கோழி’ என்ற பேச்சு மட்டும் நின்றது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்லவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

அதனால்தான் அந்த நாற்பது நொடி.

மறுநாள் விடிவதற்குள் ஓடைப் பாலத்தருகே பதினேழு குதிரை வண்டிகள் நின்றன. சைக்கிளில் வந்தவர்கள் தனி. பக்கத்துக் கவுண்டியிலிருந்து பதினோரு பேர் வர வேண்டும் என்று நோரீனின் வேனையே கூப்பிட்டார்கள். அவளே அவர்களைக் கொண்டுவந்து இறக்கினாள். பனியில் அவர்களோடு வரிசையாக நின்று, இல்லாத ஆந்தையைத் தேடினாள்.

“எந்தக் கம்பம்?” என்று ஒருவர் கேட்டார்.

அவள் ஒரு கம்பத்தைக் காட்டினாள். எல்லாத் தொலைநோக்கிகளும் அந்தக் கம்பத்துக்குத் திரும்பின. ஒரு வயதான மனிதர் அதனருகே நடந்துபோய், ஆந்தை உட்கார்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நோரீனுக்குக் காது மடல் எரிந்தது. குளிரால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் தேடினார்கள். டெல்பர்ட் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “கோழின்னு இதைச் சொல்ல முடியாது,” என்றார். அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. அதற்காகத்தானே ஆசைப்பட்டாள். கிடைத்தது. வாயில் வைத்த கவளத்தில் மண் இருப்பது போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டெல்பர்ட் அழைத்தார்.

“நோரீன், வண்டி வேணும். உடனே. எர்வின் விழுந்துட்டாரு.”

“எங்க?”

“ஓடையில. கரையோரமா ஆந்தை கக்கிப் போடற எலும்பு உருண்டை ஏதாவது கிடக்குதான்னு பார்க்க இறங்கியிருக்காரு. ஐஸ் உடைஞ்சு காலு பாறைக்கு நடுவுல போயிருச்சு. கால் இருக்கற திசையைப் பார்த்தா ஒடிஞ்சது நிச்சயம்.”

அவள் ஓட்டிப்போன வேகத்தை அவளாலேயே நம்ப முடியவில்லை. நான்கு பேராக எர்வினைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தினார்கள். தாடியில் பனி ஒட்டியிருந்தது. முகம் மாவு போல வெளுத்திருந்தது. இருபது மைல் தூரமும் அவர் முனகவில்லை. சாலைக் குழியில் வண்டி குதித்தபோது மட்டும் பல் கடிக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவளைப் பார்த்துச் சொன்னார்:

“உன் ஆந்தை பலே கெட்டிக்காரி. என்னை விழ வெச்சுட்டு அவ எங்கயோ உட்கார்ந்து சிரிக்கறா.”

நோரீன் உள்ளே ஓடி ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் செய்தாள். வேனை நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் ஒடிந்திருந்தன. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எர்வின் நாற்காலி செய்கிறவர், நின்றுதான் வேலை. இரண்டு மாதம் கால் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறையைச் சபை ஆட்கள் முறை வைத்து வந்து நடத்தினார்கள். டாக்டரிடம் வாராவாரம் கூட்டிப்போகிற வேலை நோரீனுக்கு வந்தது.

முதல் வாரம் அவள் வேனிலேயே காத்திருந்தாள். எர்வினின் மனைவி லவைனா ஏப்ரனோடு பனியில் நடந்து வந்து கதவைத் திறந்தாள்.

“வண்டியிலயே உட்கார்ந்து என்ன அடைகாக்கற? உள்ள வா. சாப்பாடு ஆறுது.”

“வேண்டாம் லவைனா. நான் சாப்பிட்டுட்டேன்.”

“பொய் சொல்லாத. உன் வயிறு கூப்பிடறது இங்க வரைக்கும் கேக்குது.”

பொய் என்ற வார்த்தையைக் கேட்டதும் நோரீனுக்கு உயிர் போய் வந்தது. எழுந்து போனாள்.

கோழிக்கறி நூடுல்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஊறுகாய். எர்வின் காலை ஒரு முக்காலியில் நீட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே தீனிப் பலகையில் சிவப்புக் கார்டினல் குருவிகளும் மரங்கொத்தியும் வந்து போயின. ஜன்னல் விளிம்பில், அவர் கண்ணுக்கு நேராக, சாம்பல் ஆந்தையின் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. டெல்பர்ட் இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

“பார்க்கக் கிடைக்கல. படத்தையாவது பார்த்துட்டு இருக்கேன்,” என்றார் எர்வின். “நோவு ஜாஸ்தியாகறப்ப அதோட முகத்தைப் பார்ப்பேன். எவ்வளவு பெரிய முகம் பாரு. எதுக்கும் அவசரமில்லாத முகம்.”

பிறகு அவர்கள் தலை குனிந்தார்கள். இந்த முறை திரும்பிக்கொள்ள ஏரி இல்லை. நோரீன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு அந்த மௌனம் முடியக் காத்திருந்தாள். ஆமிஷ் ஜெபம் அவ்வளவு நீளம் என்று அதுவரை அவள் கவனித்ததில்லை.

இப்படியே ஐந்து வாரம் போனது. ஒவ்வொரு வாரமும் மேசையில் அவளுக்கு ஓர் இடம் போட்டிருந்தார்கள். லவைனா அவள் கோட்டில் அறுந்த பொத்தானைக் கேட்காமலே தைத்துக் கொடுத்தாள். எர்வின் வலியில் சிடுசிடுப்பார், உடனே மன்னிப்புக் கேட்பார். அவர்கள் ஒவ்வொரு நல்ல காரியம் செய்யும்போதும் நோரீன் ஓரடி குறுகிப்போனாள். வேனில் தனியாக வரும்போது, சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று வாய்விட்டுப் பேசிப் பார்த்துக்கொள்வாள். வீட்டு வாசலில் லவைனாவைப் பார்த்ததும் சாலைப் பனியைப் பற்றிப் பேசுவாள்.

ஆறாம் வாரம் டெல்பர்ட் அங்கே வந்திருந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, வழக்கமில்லாத தயக்கத்தோடு நின்றார்.

“நோரீன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நவம்பர்ல நீ அந்த வல்லூறைச் சொன்னப்ப நான் கேலி பண்ணினேன். நாலு பேர் முன்னாடி. அது தப்பு. ஆந்தைய அவ்வளவு துல்லியமாப் பார்த்தவ வல்லூறைத் தப்பாப் பார்க்க மாட்டா. அதையும் பட்டியல்ல சேர்த்துட்டேன். என்னை மன்னிக்கணும்.”

அவர் நீட்டிய கையை நோரீன் குலுக்கினாள். குலுக்கும்போது அவள் கை ஐஸ் மாதிரி இருந்ததாகப் பிற்பாடு டெல்பர்ட் சொன்னார்.

அன்றைக்கும் தலை குனிந்தார்கள். நோரீனும் குனிந்தாள். கண்ணை மூடினாள், ஏனென்றால் திறந்திருந்தால் படம் தெரிந்தது. அந்த இருட்டுக்குள், நினைக்காமலே, அவள் சொன்னாள்: நான் பொய் சொன்னேன். அந்த ஆந்தை இங்கே வரவே இல்லை. இந்த மனுஷன் காலை நான்தான் ஒடித்தேன்.

யாரிடம் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. உதடு அசையவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் யாரோ கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது. கேட்டவர் அதிர்ச்சியடையவில்லை, எழுந்து போகவுமில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. எர்வின் தொண்டையைச் செருமியதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். நோரீன் நிமிர இன்னும் கொஞ்ச நேரமானது. உப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்ன லவைனாவுக்குச் சர்க்கரையை எடுத்துக் கொடுத்தாள்.

மறு வாரம், டாக்டரிடமிருந்து திரும்பும் வழியில், ஒரு கொட்டகையின் முன்னால் வேனை ஓரங்கட்டினாள்.

“டயரா?” என்றார் எர்வின்.

“இல்ல.” அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அந்த ஆந்தையை நான் இங்க பார்க்கல. போட்டோ மினசோட்டாவுல எடுத்தது. எல்லாமே பொய். நீங்க விழுந்தது என்னாலதான்.”

ஒரு பால் லாரி கடந்துபோனது. எர்வின் அது போவதைப் பார்த்தார்.

“மினசோட்டாவுல எங்க?”

“என் தங்கச்சி ஊருக்குப் பக்கத்துல. சதுப்புக் காட்டுல.”

“எத்தனை பார்த்த?”

“மூணு.”

“மூணு,” என்றார். பிறகு, “ஏன்?” என்றார்.

“நீங்க எல்லாரும் சிரிச்சீங்க.” சொன்னதும் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவள் காதிலேயே விழுந்தது. “வல்லூறையும் எடுத்துரச் சொல்லுங்க டெல்பர்ட்கிட்ட.”

“அதுவும் பொய்யா?”

“இல்ல. அது நிஜம். சத்தியமா நிஜம். ஆனா இனிமே யாரு நம்புவாங்க?”

நான் நம்புகிறேன் என்று எர்வின் சொல்லவில்லை. அவள் அதற்காகக் காத்திருந்தாள். அப்படிக் காத்திருந்ததற்கே வெட்கப்பட்டாள்.

“என்னை வீட்டுல விடு,” என்றார்.

வீட்டில் இறங்கும்போது, அவள் பிடிக்க வந்த கையைத் தவிர்த்துவிட்டு, கவட்டுக் கட்டைகளை ஊன்றித் தானே இறங்கினார். பாதி வழியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “டெல்பர்ட்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ எந்த நம்பர்ல சொன்னியோ அதே நம்பர்ல சொல்லு.”

லவைனாவுக்கு இன்னும் தெரியாது. அவள் ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, ஜன்னல் வழியே நோரீனின் மடியில் வைத்தாள். “சூடா இருக்கு, பார்த்து.” நோரீன் அதை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. வீடு வரை அந்தச் சூடு தொடையில் உறைத்துக்கொண்டே வந்தது.

அன்று மாலையே அழைத்தாள். நான்கு தடவை எடுத்து எடுத்து வைத்துவிட்டு ஐந்தாவது தடவை பேசினாள். பெயர் சொன்னாள், ஆந்தை பொய் என்றாள், படம் எங்கே எடுத்தது என்றாள், எர்வின் விழுந்தது தன்னால் என்றாள், பனியில் வந்து நின்ற எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் கறவை முடிந்து இருநூறு குடும்பம் அதைக் கேட்கும் நேரத்தில் அவள் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள்.

பதினாறு நாள் அவள் ஃபோன் அடிக்கவில்லை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேறு வண்டிகள் போயின. மளிகைக் கடையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே டெல்பர்ட்டை நேருக்கு நேர் பார்த்தாள். அவர் தொப்பியைத் தொட்டு, “நோரீன்,” என்றார். அவளும், “டெல்பர்ட்,” என்றாள். அவர் ஒரு கேலியும் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாங்க வந்த ஈஸ்ட்டை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

பதினேழாம் நாள் வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. லவைனா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏழு மைல். உள்ளே வந்து, கையுறையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முதல்ல என் கோவத்தைச் சொல்லிர்றேன். நான் அவருக்குக் கஞ்சி ஊத்தினேன், காலைத் துடைச்சேன், பட்டறைக் கணக்கையும் பார்த்தேன். நீ எதிர்ல உட்கார்ந்து என் நூடுல்ஸ் சாப்பிட்ட.”

“ஆமா.”

“ஆப்பிள் பையையும் வாங்கிட்டுப் போன.”

“ஆமா லவைனா.”

“சாப்பிட்டியா அதை?”

“இல்ல. தொட முடியல. பூசணம் பிடிச்சுப் போச்சு.”

“நல்ல வெண்ணெய் அது.” லவைனா இப்போதுதான் கையுறையைக் கழற்றினாள். “வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை நடத்தற முறை எங்க வீட்டுக்கு, பட்டறையிலதான். ஒம்பது மணிக்கு வா. கையில ஒண்ணும் கொண்டு வராத.”

“நானா? அவரு எப்படி…”

“வரச் சொன்னதே அவருதான். மன்னிச்சுட்டேன்னு சொல்றாரு. சொல்லிட்டுப் பல்லைக் கடிக்கறாரு. எங்களுக்கு மன்னிக்கறது சட்டம். ஆனா சட்டம் காலுக்குத் தெரியுமா? ஆளைப் பார்க்காமலே மன்னிச்சு என்ன பிரயோஜனம்? நீ எதிர்ல இருந்தாத்தான் அவருக்குப் பழகும்.”

நோரீன் போனாள். அவளிடம் இருந்த ஒரே கறுப்புப் பாவாடை அம்மாவின் அடக்கத்துக்கு வாங்கியது. பட்டறையில் மரத்தூள் வாசனை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சாய்மானமில்லாத பெஞ்சுகள். அவள் நுழைந்ததும் பேச்சு நிற்கவில்லை, தாழ்ந்தது. அது இன்னும் மோசம். எல்லோரும் அவள் குரலைக் கேட்டவர்கள். கடைசிப் பெஞ்சில், சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

பாட்டு ஜெர்மனில். ஒரு வரியைப் பாடி முடிக்கவே ஒரு நிமிஷம் எடுத்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவள் திணறினாள். பக்கத்திலிருந்த பெண் தன் பாட்டுப் புத்தகத்தை நகர்த்தி, எழுத்தின் மேல் விரலை வைத்தாள். அந்த விரலும் வரியோடு மெல்ல நகர்ந்தது. நோரீனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் யாரோ ஒருத்தி இடம் காட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று மணி நேரத்தில் இரண்டு தடவை எல்லோரும் திரும்பிப் பெஞ்சைப் பிடித்து மண்டியிட்டார்கள். எர்வின் மட்டும் நாற்காலியில், காலை நீட்டியபடி. நோரீன் மண்டியிட்டாள். அவருக்குப் பதிலாகத் தானாவது மண்டியிடலாமே என்று முதலில் நினைத்தாள். பிறகு அப்படி நினைக்கத் தனக்கென்ன தகுதி என்று கூசினாள். பிறகு எதையும் நினைக்காமல், அன்று மேசையில் பேசிய அதே இருட்டுக்குள் மறுபடி பேசினாள். கேட்டவர் இன்னும் அங்கேயே இருந்தார்.

அதன் பின் அந்தப் பெஞ்சுகளையே ஒன்றுசேர்த்து மேசையாக்கினார்கள். ரொட்டி, வேர்க்கடலை விழுது, ஊறுகாய், காபி. அவளெதிரே வந்து நின்ற டெல்பர்ட் ஊறுகாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“வெளிய கூரை மேல ஒரு கோழி நிக்குது,” என்றார், முகத்தில் சலனமே இல்லாமல். “என்ன நிறம்னு நீயே போய்ப் பார்த்துச் சொன்னா நல்லது. எனக்குக் கண்ணு சரியில்ல.”

சுற்றியிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நோரீன் சிரிக்க வாய் திறந்தாள், அழுகை வந்தது. வாயில் ரொட்டியோடு, பட்டறை நடுவில், ஒளிந்துகொள்ள இடமில்லாமல் அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. காபி ஊற்றிக்கொண்டு வந்த பெண் அவள் கோப்பையையும் நிரப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போனாள்.

அவள் ஆமிஷ் ஆகவில்லை. அந்த வயதில் ஜெர்மன் கற்று, வேனை விற்று, குதிரை பழக்குவது ஆகிற காரியமில்லை; யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. லவைனாவின் தங்கை ஐவா, கவுண்டியின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஆராதனை நடத்தும் ஒரு சின்ன மென்னனைட் சபையில் இருந்தாள்; ஆமிஷுக்கு நெருங்கிய உறவு, ஆனால் காரும் ஃபோனும் வைத்துக்கொள்கிற சபை. அங்கே அழைத்துப்போனாள். நோரீன் ஒரு வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்த வகுப்பில் அவளோடு இருந்தவர்கள் மூன்று பேர், எல்லோருக்கும் பதினாறு வயது. கேள்விக்குப் பதில் தெரியாமல் அவள் விழிக்கும்போது அந்தப் பெண்கள் மேசைக்கடியில் விரலால் அத்தியாய எண் காட்டுவார்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன் ஒவ்வொருவரும் சபை முன்னால் எழுந்து, தாம் வந்த வழியைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். பதினாறு வயதுக்காரிகள் இரண்டிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். நோரீனுக்குச் சுலபமாக ஒரு வழி இருந்தது. பறவைகளைப் பார்த்தேன், அவற்றைப் படைத்தவரைத் தேடி வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. அதைத்தான் எழுதியும் வைத்திருந்தாள். எழுந்து நின்றபோது, எட்டாம் வரிசையில், ஆமிஷ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எர்வினும், பக்கத்தில் லவைனாவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவர்கள் வருவார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

காகிதத்தை மடித்தாள். ஆந்தையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. முன்வரிசையில் ஒரு கிழவர் வாயைத் திறந்தபடியே கேட்டார். கன்னம் பற்றி எரிய, கடைசி வரை சொல்லிவிட்டு மண்டியிட்டாள். போதகர் அவள் தலையில் தண்ணீரை ஊற்றினார். அது கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. வெட்கம் அதோடு இறங்கிப் போய்விடும் என்று எதிர்பார்த்திருந்தாள். போகவில்லை. வெட்கத்தோடேயே அவள் கையைப் பிடித்து எழுப்பினார்கள்.

அந்த மே மாதம், பறவை எண்ணும் நாளன்று, எர்வினின் குழு அவளையும் சேர்த்துக்கொண்டது. எண்ணும் நாளுக்கு ஒரு விதி உண்டு: ஒரு பறவையை இரண்டு பேராவது பார்த்தால்தான் பட்டியலில் ஏறும். எல்லோருக்கும் பொதுவான விதிதான். இருந்தாலும் அவள் ஒன்றைச் சொன்னால் எல்லோரும் தாங்களே பார்த்த பிறகுதான் எழுதினார்கள். அவளுக்கு அது தெரிந்தது. சரியென்றே பட்டது.

பதினோரு மணி சுமாருக்கு, மற்றவர்கள் குளத்துப் பக்கம் போயிருக்க, புதர் வேலியடியில் ஒரு கதிர்க்குருவி நடந்து போவதை நோரீன் பார்த்தாள். சாம்பல் தலை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தத்தாமல் கோழி மாதிரி அடியெடுத்து நடக்கிற நடை. அந்தக் கவுண்டியில் வருஷத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லாமல் விட்டால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

“எர்வின்,” என்று கூப்பிட்டாள், தாழ்ந்த குரலில். “இங்க ஒண்ணு இருந்துச்சு. நான்தான் பார்த்தேன். உள்ள போயிருச்சு.”

எர்வின் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். குளிர் நாட்களிலும் நீண்ட நடையிலும் அந்தக் கால் இன்னும் வலிக்கும். அவள் அடையாளங்களைச் சொன்னாள். அவர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியைக் காலால் இழுத்து, அதன் மேல் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு புதரைப் பார்த்தார்.

“குளத்துல வாத்தெல்லாம் போயிரும். நீங்க போங்க,” என்றாள்.

“வாத்து எங்கயும் போகாது.”

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பூனை போலக் கத்துகிற ஒரு பூனைக்குருவி வந்தது, இரண்டு சிட்டுக்குருவிகள் வந்தன. அவள் பார்த்தது வரவில்லை. எர்வின் கையூன்றி எழுந்தார்.

“எழுத முடியாது நோரீன்.”

“தெரியும்.”

“பாட்டு கேட்டியா?”

“இல்ல. நடந்ததை மட்டும்தான் பார்த்தேன்.”

“எப்படி நடந்துச்சு? காட்டு.”

அவள் அந்தச் சேற்றில், கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டி, நாலடி நடந்து காட்டினாள். எர்வின் தாடியை நீவிக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு இருவரும் மற்றவர்கள் இருந்த பக்கம் நடந்தார்கள். அவர் வேகத்துக்கு ஏற்றபடி அவள் மெதுவாக நடந்தாள்.